படவில்லையும் பேச்சும்: கோலார் தங்க வயல் மாணவர்களின் விளக்கக்காட்சிகளை முன்வைத்து

1. முன்னுரை

ஒரு பொருளைப் பற்றிய செய்திகளைத் திரட்டிப் படமும் எழுத்துமாகக் கணினியில் அமைத்து, வகுப்பின்முன் நின்று விளக்கும் பயிற்சி இன்று பள்ளிகளில் பரவலாகி வருகிறது. இதனைத் திறம்படச் செய்வதற்கு ஆங்கிலத்தில் வழிகாட்டி நூல்கள் மிகப் பல. ஒரு வில்லையில் இத்தனை வரிகள், ஒரு வரியில் இத்தனை சொற்கள், எழுத்தின் அளவு இவ்வளவு என அவை விதி வகுக்கின்றன. அவ்விதிகள் ஆங்கிலத் தொடரமைப்பையும், எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே பெரும் இடைவெளி இல்லாத ஒரு மொழிச் சூழலையும் அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை அப்படியே தமிழ் மாணவர்க்குக் கற்பித்தால் நேரும் இடர்ப்பாடுகள் யாவை, அவற்றைக் களைய மொழியியலும் மொழிபெயர்ப்புப் பட்டறிவும் எவ்வாறு உதவும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கருநாடக மாநிலத்தின் கோலார் தங்க வயல் இங்கு ஆய்களமாகக் கொள்ளப்படுகிறது. வடார்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சுரங்கப் பணிக்காகக் குடியேறிய தமிழர் வழியினர் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோரும் உடன் வாழ்கின்றனர். தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர் பலர் ஆங்கில வழியிலோ கன்னட வழியிலோ பயில்கின்றனர். தம் ஊரைப் பற்றி விளக்கக்காட்சி ஒன்றை அமைக்கத் தொடங்கும் மாணவர், வீட்டில் தமிழில் கேட்டதை வகுப்பில் வேறொரு மொழியில் சொல்ல வேண்டியவராகிறார். அவர் விளக்குநர் மட்டுமல்லர்; மொழிபெயர்ப்பாளரும் ஆவார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிறந்த தலைமுறை அவருடையது. சுரங்கத்தை அவர் அறிவது பிறர் சொற்களின் வழியாகவே. அச்சொற்கள் வில்லையில் எவ்வடிவில் ஏறுகின்றன என்பது ஆகவே சிறிய வினா அன்று.

2. கருவியும் பெயரும்

இக்கருவி வகுப்பறைக்காகப் படைக்கப்பட்டதன்று என்பதை முதலில் நினைவிற் கொள்ளுதல் நலம். பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை உருவாக்கிய நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. வணிக நிறுவனங்களின் கூட்ட அறைகளே அதன் இலக்கு. குறிப்பு வரிகளாகச் செய்தியைத் துண்டாக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததே. காரண காரியத் தொடர்பை அத்துண்டுகள் மறைத்துவிடுகின்றன என்று எட்வர்ட் டஃப்ட்டி 2003இல் வெளியிட்ட சிறுநூலில் கடுமையாகச் சாடினார். அவர் கூற்றில் மிகையுண்டு; ஆயினும் வரலாற்றுப் பாடத்திற்கு அது பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

தமிழில் இதற்குரிய சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. ‘சிலைடு’ என்பதே வகுப்பறை வழக்கு. எழுத்தில் ‘படவில்லை’, ‘காட்சிவில்லை’ ஆகியனவும், முழுமைக்கு ‘விளக்கக்காட்சி’, ‘வழங்கல்’, ‘முன்வைப்பு’ ஆகியனவும் வழங்குகின்றன. ‘வில்லை’ என்பது கண்ணாடி வில்லையை ஒளிவிளக்கின்முன் வைத்துத் திரையில் உருவம் காட்டிய பழைய முறையை நினைவூட்டும் சொல். கணினியில் வில்லை ஏதும் இல்லை எனினும் சொல் நிற்கிறது. இக்கட்டுரையில் படவில்லை, விளக்கக்காட்சி ஆகிய இரண்டும் ஆளப்படுகின்றன. ‘விளக்கக்காட்சி’ என்னும் தொடரில் விளக்கம் முன்னும் காட்சி பின்னும் நிற்பது நல்லதொரு தற்செயல். மாணவர் பலர் காட்சியிலேயே நின்றுவிடுகின்றனர்.

3. இரட்டை வழக்கும் படவில்லையும்

சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலை தமிழுக்கு நன்கு பொருந்துவது என்பது மொழியியலார் அறிந்ததே. எழுதுவதற்கு உயர்வழக்கும் உரையாடுவதற்குத் தாழ்வழக்கும் என்னும் பகிர்வு தமிழில் உறுதியானது. படவில்லையோ எழுத்தும் பேச்சும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிகழும் வடிவம். எந்த வழக்கு எப்போது என்னும் தெளிவு இங்குக் குலைகிறது.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக் காண்போம். மாணவர் ஒருவர் தம் படவில்லையில் இவ்வாறு எழுதுகிறார் எனக் கொள்க:

‘கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணிகளைத் தொடங்கினர்.’

இதனைத் திரையில் காட்டிவிட்டு அவர் செய்யக்கூடியன இரண்டே. ஒன்று, அதனை அப்படியே படிப்பது. அவ்வாறு படிக்கையில் குரல் செய்தி வாசிப்போர் குரலாக மாறுகிறது. அவையினர் அவர் படித்து முடிக்குமுன் தாமே படித்து முடித்துவிடுகின்றனர். மற்றொன்று, ‘ஆயிரத்து எண்ணூத்தி எண்பதுல ஜான் டெய்லர் கம்பெனிக்காரங்க வேலைய ஆரம்பிச்சாங்க’ என்று பேச்சுவழக்கிற்கு மாற்றுவது. இது விளக்கமன்று; ஒரு வழக்கிலிருந்து மற்றொரு வழக்கிற்குச் செய்யும் பெயர்ப்பு மட்டுமே. புதிய செய்தி ஒன்றும் வரவில்லை. கேட்போர் கண்ணால் ஒரு வடிவத்தையும் செவியால் வேறொரு வடிவத்தையும் பெற்று, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் வேலையில் ஈடுபடுகின்றனர்.

படமும் பேச்சும் இருக்கும்போது அப்பேச்சையே எழுத்தாகவும் திரையில் ஏற்றுவது கற்றலைக் குறைக்கும் என்று ரிச்சர்ட் மேயர் முதலிய உளவியலார் கண்டுள்ளனர். ஆங்கிலத்திலேயே இந்நிலை எனின், எழுத்தும் பேச்சும் உருபு, விகுதி, ஒலி என எல்லா நிலைகளிலும் வேறுபடும் தமிழில் சுமை மேலும் கூடும் எனக் கருத இடமுண்டு. எனினும் பின்னைய ஆய்வுகள் ஒரு விலக்கையும் சுட்டுகின்றன: பேச்சில் வரும் முதன்மைச் சொற்கள் சிலவற்றை மட்டும் திரையில் காட்டினால் கற்றல் குறைவதில்லை, வளரவும் கூடும். வேற்றுமொழியில் கேட்போர்க்கு எழுத்து துணையாகும் சூழல்களும் உண்டு. பன்மொழி வகுப்பறையாகிய தங்க வயலுக்கு இவ்விலக்கு பெரிதும் வேண்டற்பாலது. தமிழ்ப் பேச்சை அரைகுறையாகத் தொடரும் கன்னட மாணவர்க்குத் திரையில் நிற்கும் இரண்டு பெயர்ச்சொற்கள் பிடிகொம்பாகின்றன.

இதனின்று பெறப்படும் வழி எளியது: பெயர் திரையில் நிற்கட்டும், வினை வாயில் வரட்டும். மேற்காட்டிய செய்திக்குப் படவில்லையில் ‘ஜான் டெய்லர் நிறுவனம் – 1880’ என்பதும் ஊர்ப்படம் ஒன்றும் போதும். மாணவர் பேச வேண்டியது வேறு: ‘இதுக்கு முன்னாடியே இங்க தங்கம் இருக்குதுன்னு தெரியும். 1802லயே வாரன்னு ஒரு அதிகாரி எழுதி வச்சிருக்காரு. ஆனா ஆழமாத் தோண்டப் பணமும் எந்திரமும் வேணும். அத இந்தக் கம்பெனி கொண்டுவந்துச்சு.’ எழுத்தில் இல்லாத காரணம் பேச்சில் வருகிறது. எழுத்தும் பேச்சும் ஒன்றையொன்று படியெடுக்காமல் பகிர்ந்துகொள்கின்றன.

பேச்சுவழக்கில் விளக்குவதைப் பிழையெனத் திருத்தும் ஆசிரியர் உண்டு. மேடைத் தமிழில் பேசினால்தான் மதிப்பெண் என்னும் எண்ணம் மாணவரைத் திரையைப் பார்த்துப் படிப்பவராக்கிவிடுகிறது. தொடக்கமும் முடிவும் உயர்வழக்கில் அமைய, நடுவே விளக்கம் பேச்சுவழக்கில் இயல்பாகச் செல்லுதல் தமிழ் மேடையில் புதிதன்று.

4. தொகைநிலைத் தொடரின் பயன்

ஆங்கிலப் படவில்லைகளின் குறிப்பு வரிகள் பெரும்பாலும் வினையில் தொடங்குவன. அவற்றைத் தமிழாக்கும் மாணவர் வினையைத் தொழிற்பெயராக்கிக் கடைசியில் வைக்கின்றனர். ‘1902இல் தங்க வயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்படுதல்’, ‘சுரங்கங்கள் தேசியவுடைமையாக்கப்படுதல்’ என்பன போன்ற வரிகள் இவ்வாறு தோன்றியவை. இவை தமிழில் தலைப்பும் அல்ல, தொடரும் அல்ல. மேலும், ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ‘தேசியவுடைமையாக்கப்பட்டதிலிருந்து’ என்பது ஒரே சொல். ஒரு வரிக்கு ஆறு சொல் என்னும் ஆங்கில விதி இங்குப் பொருளற்றது. ஆறு தமிழ்ச் சொற்கள் மூன்று வரிகளை நிரப்பவல்லன.

இதற்கு நம் இலக்கண மரபிலேயே விடை உள்ளது. உருபுகளும் சொற்களும் மறைந்துநின்று பொருள் தரும் தொகைநிலைத் தொடர்களை வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி என ஆறாகப் பகுத்து இலக்கண நூலார் விளக்கினர். குறுகிய இடத்தில் பொருளை அடக்கும் கலையே தொகை. ‘சிவசமுத்திர மின்சாரம் – 1902’ என்னும் தலைப்பில் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்கு நிற்கின்றன. மறைந்தவற்றை விரித்துச் சொல்வதே மாணவரின் பேச்சு: காவிரி அருவியின் நீர்விசையால் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழி வந்து, இங்குள்ள எந்திரங்களை இயக்கியது, அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. தொகையை விரித்தல் என்னும் இலக்கணப் பயிற்சியைத் தேர்வுக்காக மட்டும் கற்ற மாணவர்க்கு, அதே பயிற்சி பேசுவதற்கும் துணைசெய்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

எல்லாத் தொகையும் ஏற்றதன்று. ஊர்ப்பெயரே சான்று. ‘தங்க வயல்’ என்பது ஆங்கிலப் பெயரின் சொற்பெயர்ப்பு. நிலக்கரி வயல், எண்ணெய் வயல் என்பன போல இங்கும் ‘வயல்’ கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைக் குறிக்கிறது. தமிழில் வயலெனின் நெல் விளையும் நிலமே முதலில் தோன்றும். கன்னடத்தில் இதனைச் ‘சின்னத கணி’, அதாவது தங்கச் சுரங்கம் என்றே வழங்குவதுண்டு. இரு மொழிகளிலும் பேசும் வகுப்பில் மாணவர் தம் முதற் படவில்லையில் இப்பெயர் வேறுபாட்டைக் காட்டி ஒரு நிமிடம் பேசினால், மொழிபெயர்ப்பு என்பது என்ன என்பதை அவ்வகுப்பு வேறு பாடமின்றியே உணரும்.

5. வினைமுதல் மறைதல்

பெயரைத் திரையிலும் வினையைப் பேச்சிலும் வைக்கும் முறைக்கு ஓர் இடர் உண்டு. பேச்சு தவறினால் வினைமுதல் காணாமற் போகும். ‘சுரங்க மூடல் – 2001’ என்னும் வரியில் மூடியவர் இல்லை. ‘சுரங்கங்கள் மூடப்பட்டன’ என்று மாணவர் பேசினாலும் செயப்பாட்டு வினை அவரை மறைத்தே வைக்கிறது. மழை பெய்தது போல, சுரங்கமும் தானே மூடிக்கொண்டது என்னும் தோற்றம் உண்டாகிறது.

வரலாறு அவ்வாறன்று. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவணரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. அப்பொதுத்துறை நிறுவனத்தின் சுரங்கங்களை மூடும் முடிவை எடுத்தது நடுவணரசு. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்ததும், ஆழம் கூடக்கூடச் செலவு பெருகியதும் கூறப்பட்ட காரணங்கள். வேலை இழந்தோர் அக்காரணங்களை எவ்வாறு ஏற்றனர், எவ்வாறு மறுத்தனர் என்பது தனிச் செய்தி. இம்மூன்றும் மூன்று வினைமுதல்களை உடையவை. ஆசிரியர் தம் மாணவரிடம் ஒவ்வொரு படவில்லைக்கும் ‘யார் செய்தது?’ என்னும் ஒரே வினாவைக் கேட்டுப் பழக்கினால், செயப்பாட்டு வினைகள் பல தாமே செய்வினைகளாகும். எழுவாய் தேடும் இப்பயிற்சி இலக்கண வகுப்பில் சலிப்பூட்டுவது; தம் பாட்டனார் வேலை இழந்த கதையில் சலிப்பூட்டுவதில்லை.

6. பெயர்களும் கலைச்சொற்களும்

சுரங்கம் பற்றிய செய்திகளை ஆங்கில நூல்களிலிருந்து எடுக்கும் மாணவர், தம் பக்கத்து ஊரின் பெயரையே அயற்பெயராக எழுதிவிடுதல் நேர்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ‘நண்டிட்ரூக்’ என எழுதினால் அது நந்திதுர்க்கச் சுரங்கம் என்பது யார்க்கும் விளங்காது. பழைய ஆவணங்களில் வரும் ‘பௌரிங்பேட்டை’ இன்றைய பங்காரப்பேட்டையே. மாரிக்குப்பம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் ஆகியவற்றுக்கு ஊரார் ஒலிக்கும் வடிவமே எழுத்திற்கும் அளவுகோல். பெயரைப் பலர் வாயில் கேட்டபின் எழுதுக என்பதே இங்குத் தரத்தக்க விதி.

கலைச்சொற்களில் சிக்கல் மிகுதி. சுரங்கத்திற்குள் இறங்கும் செங்குத்தான வழியை ஊரார் ‘ஷாஃப்ட்’ என்றே சொல்வர். அகராதியை நாடும் மாணவர்க்கு ‘தண்டு’ என்னும் பொறியியற் பொருள் கிடைக்கலாம். அது எந்திரத்தின் சுழல்தண்டு. தங்கம் பிரித்த பின் எஞ்சிய அரைமண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ‘வால்’ ஒளிந்திருப்பதால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நகைப்பிற்கிடமாகும். ஊரைச் சுற்றி நிற்கும் அக்குவியல்களைச் ‘சயனைடு மேடு’ என்றால் எல்லார்க்கும் தெரியும். தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கரைசல் பயன்பட்டதால் வந்த பெயர் அது. ஆழ்சுரங்கத்தில் அழுத்தம் தாங்காது பாறை திடீரெனச் சிதறும் நிகழ்வைப் ‘பாறை வெடிப்பு’ எனப் பெயர்த்தால், தொழிலாளர் வெடி வைத்துப் பாறையைத் தகர்த்ததாகப் பொருள்படும். ஒன்று பணி, மற்றொன்று இறப்பு. ‘பாறை அழுத்தச் சிதறல்’ எனலாம். நீளமெனின் ‘ராக்பர்ஸ்ட்’ என்று எழுதி வாயால் விளக்குதல் தவறாகாது. கடன்சொல்லைவிடத் தவறான தூயசொல் தீங்கு மிகுந்தது என்பதே என் கருத்து.

‘லைன்’ என்னும் சொல்லும் இத்தகையதே. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை ஊரார் லைன் என்பர். ‘கோடு’ என்றோ ‘வரி’ என்றோ பெயர்த்தால் வீடுகள் மறைந்துவிடும்.

7. படமும் எண்ணும்

படங்களைப் பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிக்கலாம். ஊரின் ஆங்கிலச் சுருக்கப்பெயரை இட்டுக் கணினியில் படம் தேடுவோர்க்கு 2018இலும் 2022இலும் வெளிவந்த திரைப்படங்களின் காட்சிகளே முதலில் கிடைக்கின்றன. கதைக்காக அமைத்த சுரங்கத்தை மாணவர் உண்மைச் சுரங்கமாகக் காட்டிவிடும் வாய்ப்பு மிகுதி. வீட்டுப் பெட்டியிலுள்ள ஒரு பழைய புகைப்படம், மங்கலாயினும், மேலானது.

எண்கள் தனியே நின்றால் ஊமைகள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3,200 மீட்டர். தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 66 மீட்டர் என்பதைப் பக்கத்தில் காட்டி, அதைப்போல் 48 விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எட்டும் ஆழம் என்று சொன்னால் அவை நிமிர்ந்து உட்காரும். அறிவியல் மாணவர்க்கு இவ்வாழமே நல்ல பொருள். அண்டக்கதிர்களின் இரைச்சலைப் பாறை வடிகட்டுவதால், 1965இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் இச்சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். ‘ஏன் ஆழத்திற்குப் போனார்கள்?’ என்னும் ஒரு வினாவைத் திரையில் எழுதிவிட்டு மாணவர் பேசலாம். வினாவும் நல்ல தலைப்பே.

எழுத்துருவைப் பற்றி ஒரு சொல். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைத்த கோப்பு, வேறு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறியில் எழுதுவதும், தமிழெழுத்தின் வளைவுகள் பின்வரிசைக்குத் தெரியுமாறு ஆங்கிலத்திற்கு வைக்கும் அளவைவிடச் சற்றுப் பெரிதாக வைப்பதும் போதும்.

8. முதியோர் கூற்று

இவ்வூர் மாணவரின் விளக்கக்காட்சிகளில் மிக அரிய பகுதி, சுரங்கத்தில் பணிசெய்த முதியோர் சொன்னவையே. அவைதாம் எளிதில் சிதைவனவும் ஆகும். வீட்டில் ஒரு முதியவர் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: ‘சங்கு ஊதுனா கெளம்பிரணும். உள்ள எறங்குனா ராத்திரி பகல் தெரியாது.’ ஆங்கில வழியில் பயிலும் மாணவர் இதனைத் ‘தொழிலாளர்கள் கடினமான சூழலில் உழைத்தனர்’ என்னும் பொருள்பட ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதுகிறார். தமிழ் வழி மாணவரும் எழுத்துத் தமிழில் இதையே எழுதக்கூடும். சங்கு போயிற்று, இறங்குதல் போயிற்று, இருள் போயிற்று. ஆலையின் ஊதொலிக் கருவியைச் சங்கு என்று அழைத்த தமிழ்த் தொழிலாளரின் சொல்லாக்கமும் உடன் போயிற்று.

இங்கு மட்டும் முற்கூறிய விதியை மாற்றுதல் வேண்டும். முதியவரின் தொடர் முழுமையாக, அவர் பேசியபடியே, தமிழ் எழுத்தில் படவில்லையில் நிற்க வேண்டும். வேறொன்றும் அதில் வேண்டா. மாணவர் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ அதன் பொருளை வாயால் சொல்லலாம். தமிழ் அறியாத தோழர்க்கு அவ்வெழுத்து விளங்காதே எனலாம். விளங்காவிடினும், அச்சொற்கள் வேறொரு மொழியில் பிறந்தவை என்பதும், தாம் கேட்பது ஒரு பெயர்ப்பே என்பதும் அவர்க்குப் புலப்படும். அச்சில் மூலத்தை மறைத்துப் பெயர்ப்பை மட்டும் தருகிறோம். படவில்லையும் பேச்சும் இணைந்த இவ்வடிவில் இரண்டையும் ஒருங்கே வைக்க இயலும்.

பேச்சை எழுத்தில் பதிவதில் மாணவர்க்குத் தயக்கம் ஏற்படும். ‘கெளம்பிரணும்’ என்பதைக் ‘கிளம்பிவிட வேண்டும்’ எனத் திருத்தக் கை துடிக்கும். கூறியவர் சொன்ன சொற்களை மாற்றாமல், ஒலிப்பு வேறுபாடுகளைப் படிக்க இயலும் அளவிற்கு மட்டும் காட்டுதல் தக்கது. ‘ஷிப்ட்’, ‘லைன்’ போன்ற கடன்சொற்களையும் அவ்வாறே விடுக. கூறியவரிடம் எழுதியதைப் படித்துக் காட்டி இசைவு பெற்ற பின்னரே வகுப்பிற்குக் கொண்டுசெல்லுதல் முறை. அவ்வாறு படித்துக் காட்டுகையில் பெரும்பாலும் இன்னும் இரண்டு செய்திகள் கிடைக்கும். ஒரு சொல் திருத்தப்படும். அத்திருத்தத்தையும் மாணவர் குறித்துக்கொள்ளலாம். வகுப்பில் வினா எழும்போது, திரையில் இல்லாத அவ்விரண்டு செய்திகளே விடையாக உதவுவன.